எந்த மூன்றாம் கட்டை?

திருகோணமலையில் இடம் சொல்வதற்குக் கட்டைக் கணக்கு (கட்டை என்றால் மைல் கல்) இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மைல் கற்கள் போய்க் கிலோமீட்டர் கற்கள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் மூன்றாம் கட்டை, நாலாம் கட்டை, பத்தாம் கட்டை என்றுதான் பஸ்ஸில் சொல்லி இறங்குகிறோம். நிலாவெளி வீதியில் உப்புவெளிப் பக்கம் ஒரு மூன்றாம் கட்டை, கண்டி வீதியில் இன்னொரு மூன்றாம் கட்டை. பேசுகிற ஆள் எந்த வீதியைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்தால் குழப்பமே வராது. மென்பொருளுக்கு அது தெரியாது. "கிராமம்: 3ம் கட்டை" என்று அச்சடித்த விநியோகத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு லொறி ஓட்டும் அண்ணன் கேட்பார்: "தங்கச்சி, இது எந்த மூன்றாம் கட்டை? உப்புவெளியா, கண்டி ரோட்டா?"

நான் வேலை செய்வது மாவட்டம் முழுக்க வாழ்வாதார உதவி கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில். விதைநெல், கோழிக்கூடு, மீன்பிடி வலை, சுயதொழில் கடன் என்று பலதும் உண்டு. அதன் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பயனாளி, பொருள், பணம், பணியாளர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது, அதைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார். இடத்துக்கு மட்டும் பெரும்பாலான நிறுவனங்களில் ஆள் கிடையாது. படிவத்தில் 'முகவரி' என்று ஒரு பெட்டி வைப்பார்கள், ஆளாளுக்கு அதில் எழுதுவார்கள், வருட முடிவில் எந்தக் கிராமத்துக்கு எவ்வளவு போனது என்று கேட்டால் அலுவலகமே ஒரு வாரம் எக்செல் தாளோடு மல்லுக்கட்டும். பெட்டியில் எழுதும் வெறும் சொல்லாக இடத்தை வைத்திருக்கும் வரை எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் இது தீராது. ஓர் ஆளுக்குப் பதிவு இருப்பது போல இடத்துக்கும் முழுப் பதிவு வேண்டும்: தனக்கென்று ஓர் எண், தொடங்கிய திகதி, பெயர் மாறிய வரலாறு, தேவையானால் மூடிய திகதி.

முதல் தொல்லை எழுத்தில் தொடங்கும். மூதூரை ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு 'டி' போட்டும் எழுதுகிறார்கள், 'எச்' சேர்த்தும் எழுதுகிறார்கள். தம்பலகாமம், கந்தளாய், சேருவில எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பழைய அலுவலகக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. எழுத்துருவை மாற்றினால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே இருப்பது அதுதான். அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகும் வேலை முடியாது.

ஒரு தடவை மாவட்ட வாரியாகத் தொகை எடுத்தபோது 'திருகோணமலை' இரண்டு வரிகளாக வந்தது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். முன்னும் பின்னும் இடைவெளி எதுவும் இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. 'கோ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ககரத்தோடு ஏகாரத்தின் இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு விதம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது, கணினிக்கு அவை வேறு வேறு. இப்போது எந்தப் பெயர் உள்ளே வந்தாலும் முதலில் யுனிகோடின் ஒருங்கிணைத்த வடிவத்துக்கு மாற்றிய பிறகே சேமிக்கிறோம். மென்பொருள் எழுதுபவருக்கு இது ஒரே ஒரு வரி வேலை. அந்த வரி இல்லாமல் தமிழ்ப் பெயர்களை வைத்துத் தேடுவதும் கூட்டுவதும் எந்த நேரமும் பொய் சொல்லும்.

பெயர் என்பது மாறக்கூடிய, பலவாக இருக்கக்கூடிய ஒன்று. ஆகவே அதை அடையாளமாக வைக்கக் கூடாது. ஓர் இடத்துக்கு ஒரே எண். அந்த எண்ணோடு இணைந்த தனிப் பட்டியலில் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கில எழுத்துக் கூட்டல்கள், ஊர்ப் பேச்சில் வழங்கும் பெயர் எல்லாம் இருக்கட்டும். தேடும்போது எது அடித்தாலும் அந்த ஒரே இடம் வர வேண்டும்.

சரி, எந்த எண்? எல்லோரும் சண்டை பிடிப்பது இங்கேதான். உலகத் தரக் குறியீட்டில் திருகோணமலை மாவட்டம் எல்கே-53. கிழக்கு மாகாணம் எல்கே-5, மட்டக்களப்பு 51, அம்பாறை 52. துறைமுகத்துக்கு ஐக்கிய நாடுகளின் வர்த்தகக் குறியீடு தனியாக இருக்கிறது. சீனக்குடா விமான நிலையத்துக்கு மூன்றெழுத்துக் குறி வேறு. மனிதாபிமான அமைப்புகள் வரைபடங்களைப் பொருத்துவதற்குத் தங்கள் இடக் குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. அஞ்சல் குறியீடு 31000. கீழே போனால் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் அரச எண் உண்டு. ஜீஎஸ் பிரிவு என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். ஒரு பிரிவைப் பிரிக்கும்போது பழைய எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்து ஒட்டிக்கொள்ளும். இந்த எண்கள் மற்ற மாவட்டங்களிலும் வருவதால் மாவட்டத்தைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவை தனித்து நிற்காது.

இவற்றில் ஒன்றை எடுத்து அதையே எங்கள் உள் எண்ணாக வைத்தால் என்ன என்று கூட்டங்களில் கேட்பார்கள். மாகாணம், மாவட்டம், பிரிவு, கிராமம் எல்லாவற்றையும் கோர்த்து ஒரு நீளமான எண் செய்தால் பார்த்ததுமே ஊர் தெரியுமே என்பது அவர்கள் வாதம். நம் பழைய அடையாள அட்டை எண்ணில் பிறந்த வருடமும் நாளும் ஒளிந்திருக்கின்றன, பெண்ணானால் நாளோடு 500 கூட்டியிருக்கும். அந்த அர்த்தம் பொய்யாவதில்லை, ஏனென்றால் பிறந்த நாள் மாறாது. கிராமத்தின் எல்லை மாறும். இன்று ஒரு பிரிவில் இருக்கும் கிராமம் நாளை வர்த்தமானி ஒன்றால் இன்னொரு பிரிவுக்குப் போகலாம். அன்று அர்த்தமுள்ள எண் பொய்யான எண்ணாகிவிடும். அதைத் திருத்தினால் பழைய பற்றுச்சீட்டுகள், ஒப்பந்தங்கள், லொறிப் பதிவுகள் எல்லாம் அறுந்து தொங்கும். அதனால் எங்கள் உள் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அது பிறந்த பிறகு மாறவும் மாறாது. அரச எண், உலக எண், அஞ்சல் எண் எல்லாம் அதன் பக்கத்தில் தனித்தனி நிரல்களாக நிற்கின்றன, திகதியோடு. இந்த ஒரு முடிவில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அப்புறம் படிநிலை. மென்பொருட்கள் அனேகமாக இடங்களை ஒரே மரமாகக் கேட்கும்: நாடு, மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகம், ஜீஎஸ் பிரிவு, கிராமம். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரே தாய். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பல நாட்டுச் சுகாதார அமைச்சுகள் பயன்படுத்தும் டிஎச்ஐஎஸ்2 என்ற தரவு மென்பொருள்கூட இப்படித்தான். கொவிட் தொடங்கிய 2020இல் நம் சுகாதார அமைச்சு நோய்க் கண்காணிப்புக்கு அதைத்தான் எடுத்தது. ஆனால் கிண்ணியாவில் ஒரு வீட்டை எடுத்துப் பாருங்கள். அது கிண்ணியா பிரதேச செயலகத்துக்குள் இருக்கிறது. உள்ளூராட்சியில் அது நகர சபைக்குள்ளும் இருக்கலாம், பிரதேச சபைக்குள்ளும் இருக்கலாம். பிள்ளைகள் படிக்கும் பாடசாலை கிண்ணியா வலயக் கல்வி அலுவலகத்தின் கீழ். சுகாதாரத்துக்கு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவு, பாதுகாப்புக்குப் பொலிஸ் பிரிவு. இந்த எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாது. மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் 11 இருக்க, கல்வி வலயங்கள் ஐந்துதான்.

எல்லாவற்றையும் ஒரே மரத்தில் ஏற்றப் பார்த்தால் மரம் முறியும். ஒரு கிளையை முதுகெலும்பாக எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் எடுத்தது பிரதேச செயலக வழி, ஏனென்றால் பயனாளித் தெரிவுக் கடிதம் அந்த வழியாகத்தான் வருகிறது. மற்றவை குழுக்களாகப் பக்கத்தில் நிற்கும். கல்வி வலயம் ஒரு குழு, எம்ஓஎச் பிரிவு ஒரு குழு. டிஎச்ஐஎஸ்2இலும் அந்தக் குழு வசதி இருக்கிறது, ஆரம்ப வேலையில் பலர் அதைத் தொடுவதே இல்லை. தொடாமல் விட்டுவிட்டுப் பிறகு ஒவ்வொரு அறிக்கைக்கும் கையால் பிரித்துக் கூட்டுகிறார்கள்.

இனி நேரம். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு இடத்தைப் பதிகிறவர்கள் நேரத்தைப் பதியாமல் விட முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிராமங்கள் உள்ளே நகர்த்தப்பட்டன, புதிய குடியிருப்புகள் எழுந்தன. 2006இல் போரால் சம்பூர், கடற்கரைச்சேனை, கூனித்தீவுப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் மட்டக்களப்புக்குப் போய்ப் பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பியது 2015, 2016இல்தான்.

ஒரு பயனாளிப் பதிவில் 'கிராமம்' என்று ஒரே ஒரு பெட்டி இருந்தால், 2010இல் அந்தப் பெண் எதை எழுதியிருப்பார்? கிளிவெட்டி முகாம் என்று எழுதினால் அவருடைய ஊர் தரவிலிருந்து போய்விடும். சம்பூர் என்று எழுதினால் அரிசி மூட்டை ஆளில்லாத ஊருக்குப் பட்டியலாகும். இரண்டும் வேண்டும். சொந்த இடம் ஒன்று, தற்போதைய இருப்பிடம் ஒன்று. இருப்பிடத்துக்கு எப்போதிலிருந்து எப்போது வரை என்ற இரு திகதிகளும் வேண்டும். அவர் ஊர் திரும்பும்போது பழைய வரியை மாற்றக் கூடாது. பழைய வரியை மூடிவிட்டுப் புதிய வரி சேர்க்க வேண்டும்.

முகாமும் ஓர் இடம்தான். அதற்குத் திறந்த திகதி உண்டு, மூடிய திகதி உண்டு. பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு நிறுவனம் மூடிய முகாம்கள் அத்தனையையும் ஒரே நாளில் அழித்துவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அழித்ததும் அவற்றோடு இணைந்திருந்த உதவிப் பதிவுகள் 'இடம்: வெற்று' என்று நின்றன. பத்து வருடம் கழித்து, தனக்கு எப்போது என்ன கிடைத்தது என்று காட்ட ஒரு குடும்பம் கடிதம் கேட்டு வந்தபோது எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. நட்டஈட்டுக்கோ காணி விசாரணைக்கோ அந்தக் கடிதம் அவர்களுக்கு எவ்வளவு பெறுமதியானது என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் எங்கள் இடப் பட்டியலில் அழி என்ற பொத்தானே இல்லை. மூடு என்ற பொத்தான் மட்டும்தான். மூடிய இடம் புதிய படிவங்களில் வராது, பழைய பதிவுகளில் அப்படியே இருக்கும். ஒரு பிரிவு இரண்டாகப் பிரிந்தால் பழையது மூடும், இரண்டு புதியவை திறக்கும், எது எதிலிருந்து வந்தது என்ற தொடர்பும் பதிவாகும். அந்தத் தொடர்பு இல்லாமல் 2006 எண்களையும் 2016 எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஆட்கள் மாயமாகிப் போனது போலத் தெரியும்.

வரைபடப் புள்ளிக்கு வருவோம். பட்டியல் முடிந்ததும் எல்லோரும் அவசரப்படுவது இதற்குத்தான். திருகோணமலை நகரம் வடக்கு அகலாங்கு 8.57, கிழக்கு நெட்டாங்கு 81.23. சில மென்பொருட்கள் அகலாங்கை முதலில் கேட்கும். ஜியோஜேசன் என்ற கோப்பு வடிவம் நெட்டாங்கை முதலில் கேட்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் நம் நகரம் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். அவ்வளவு தூரம் போனால் கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாத பிழைதான் மோசம். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடங்கள் கந்தவளை ஆதாரத்தில் (நம் நாட்டுக்கென்று வகுத்த, ஆள்கூறு அளக்கும் அடிப்படையில்) அமைந்த நம் நாட்டுக் கட்டத்தில் இருக்கும், கைபேசியின் ஜீபிஎஸ் உலக ஆதாரத்தில் தரும். மாற்றாமல் சேர்த்தால் கிணறு தள்ளிப் பக்கத்து வீதிக்குப் போய்விடும். பார்ப்பவர் சரியென்றே நினைப்பார்.

கள உத்தியோகத்தர்கள் கையில் கொண்டுபோகும் ஓடிகே, கோபோ மாதிரியான செயலிகள் புள்ளி ஒன்றுக்கு நான்கு எண்கள் சேமிக்கும். அகலாங்கு, நெட்டாங்கு, உயரம், நான்காவதாக எத்தனை மீட்டர் துல்லியம் என்பது. அந்த நான்காவது எண்ணை அனேகமானவர்கள் அறிக்கைக்கு எடுக்கும்போது வெட்டி எறிகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியம். முற்றத்து வெளியில் நின்று 4 மீட்டர் துல்லியத்தில் எடுத்த புள்ளியும், தகரக் கூரையின் கீழ் நின்று 60 மீட்டரில் எடுத்த புள்ளியும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. புள்ளி எப்படி வந்தது என்பதையும் ஒரு நிரலில் எழுதுகிறோம்: நேரில் எடுத்தது, வரைபடத்தில் குத்தியது, பிரிவின் நடுப்புள்ளி. மூன்றாவது வகையைக் குறிக்காமல் விட்டால், முகவரி தெரியாத ஐம்பது குடும்பங்கள் ஒரே குளத்துக்கு நடுவில் குடியிருப்பதாக வரைபடம் காட்டும்.

தூரமும் அப்படித்தான். நகரத்துக்கும் மூதூருக்கும் இடையே கொட்டியாரக் குடாவைக் கடந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். வீதியால் கிண்ணியாவைச் சுற்றிப் போனால் அதன் இரண்டு மடங்கைத் தாண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன் அந்த வழியில் பாதைக்கு (வாகனங்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு) காத்திருக்கும் நேரமும் சேரும். அருகிலுள்ள களஞ்சியம் எது என்று மென்பொருளைக் கேட்டால் அது நேர்கோட்டில் அளந்து, கடலுக்கு அந்தப் பக்கம் உள்ளதைக் காட்டும். எங்கள் களஞ்சியங்களுக்கு எந்தெந்தக் கிராமம் என்று லொறி அண்ணன்மாரை இருத்தி வைத்துக் கேட்டு, கையால் ஒரு பட்டியல் செய்தோம். மென்பொருள் இப்போது தூரத்தைக் கணக்குப் போடுவதில்லை, அந்தப் பட்டியலைப் பார்க்கிறது.

களஞ்சியத்துக்கு உள்ளேயும் இடம் உண்டு: தட்டு, அறை, வரிசை. ஓடூ போன்ற கையிருப்பு மென்பொருட்களில் எனக்குப் பிடித்தது, வழியில் இருக்கும் பொருளுக்கும் ஓர் இடம் கொடுப்பது. நகரக் களஞ்சியத்தை விட்டுப் புறப்பட்ட நெல் மூட்டை வெருகலில் இறங்கும் வரை 'பயணத்தில்' என்ற இடத்தில் இருக்கும். முன்பெல்லாம் அந்த ஒரு நாள் அது இரண்டு பக்கக் கணக்கிலும் இருக்காது, ஸ்டோர்கீப்பர்கள் தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொள்வார்கள்.

இவ்வளவு கவனமாக இடத்தைச் சேர்த்த பிறகு, அதை யாருக்குக் காட்டுவது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளை அடையாளம் காட்டும் தகவலைப் பற்றிப் பேசுகிறது. வீட்டு வாசலின் புள்ளி ஆளின் பெயரைவிடத் தெளிவாக ஆளைக் காட்டும். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களின் வீடுகளை வரைபடமாக்கி நன்கொடையாளருக்கு அனுப்பும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வரைபடம் அழகாக இருக்கும், அந்தப் பெண்களுக்கு ஆபத்தாக முடியலாம். தசம புள்ளிக்குப் பிறகு நாலாம் இலக்கம் 11 மீட்டர் அளவுக்குச் சொல்லும், இரண்டாம் இலக்கம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேல். வெளியே போகும் எல்லாவற்றிலும் நாங்கள் இரண்டு இலக்கத்தோடு நிறுத்துகிறோம், அல்லது ஜீஎஸ் பிரிவின் மொத்தத்தை மட்டும் கொடுக்கிறோம். முழுப் புள்ளி அந்தக் குடும்பத்துக்குப் பொறுப்பான கள உத்தியோகத்தருக்கு மட்டும் திறக்கும்.

கடைசியில் எல்லாம் ஆளில் வந்து நிற்கிறது. பட்டியலில் இல்லாத ஊருக்குக் கள உத்தியோகத்தர் போய் நின்றால் என்ன செய்வார்? 'மற்றவை' என்று ஒரு தெரிவு கொடுத்தால் அதையே அமுக்கிக்கொண்டு போவார், அவரைக் குறை சொல்ல முடியாது, மழையில் நிற்கிறார். தெரிவே கொடுக்காவிட்டால் பக்கத்து ஊரைத் தெரிவு செய்வார். எங்கள் ஏற்பாட்டில் அவர் அந்த இடத்திலேயே தற்காலிகமாக ஒரு பெயரைச் சேர்க்கலாம். அது மேலே ஒரு ஜீஎஸ் பிரிவோடு இணைந்தே சேரும், சிவப்பு அடையாளத்தோடு. நான் ஜீஎஸ்ஸுக்கோ பிரதேச செயலகத்துக்கோ கேட்டு, புதிய இடமா, ஏற்கெனவே உள்ள ஊரின் இன்னொரு பெயரா என்று பார்த்து முடிப்பேன். அனேகமாக இன்னொரு பெயராகத்தான் இருக்கும். லிங்கநகர், பாலையூற்று, உவர்மலை போன்ற நகரப் பகுதிகளில்தான் இது அதிகம், ஒரு வீட்டுக்காரரே இரண்டு பகுதிப் பெயர்களை மாறி மாறிச் சொல்வார். இந்த வேலைக்கு ஒருவரின் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று விட்ட இடப் பட்டியல் எதுவும் ஒழுங்காக நின்றதில்லை.

இன்னும் நான் தீர்க்காத ஒன்று இருக்கிறது: வாடிகள், அதாவது மீனவர்கள் கரையில் போடும் தற்காலிகக் குடில்கள். வாடைக் காற்று ஓய்ந்து கடல் அடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்தும் மீனவர் குடும்பங்கள் எங்கள் வடகரைக்கு வந்து வாடி போட்டுத் தங்குகின்றன. பருவம் முடிந்ததும் போய்விடுகின்றன, அடுத்த வருடம் அதே கரையில் சற்றுத் தள்ளி மறுபடி போடுகின்றன. மூடு, திற என்று வருடா வருடம் செய்தால் ஒரே வாடிக்கு ஐந்து எண்கள் வந்துவிடும். மூடாமல் விட்டால் ஆளில்லாத மாதத்தில் அங்கே குடிநீர்த் தாங்கி அனுப்பத் திட்டம் போடுவார்கள். இப்போதைக்கு 'பருவகால இடம்' என்று ஒரு வகை வைத்து, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று இரண்டு நிரல்கள் சேர்த்திருக்கிறேன். புள்ளிக்குப் பதில் கரையின் ஒரு நீளத்தைக் கோடாகப் பதிகிறோம். புல்மோட்டையிலிருந்து இறக்கக்கண்டி வரை எந்த வாடிக்கு என்ன பெயர், எந்தக் கோடு எங்கே முடிகிறது என்று கடற்றொழிலாளர் சங்கங்களிடம் கேட்டு வாங்க வேண்டும். வேறு கரையோர மாவட்டங்களில் இதை யாராவது வேறு விதமாகச் செய்து பார்த்திருந்தால், எப்படி என்று எழுதுங்கள்.